கைநாட்டுக்கு முன்னால்

மயிலம் சாலை பிரியும் கூட்டேரிப்பட்டில் ஒருவர் மனநிலை ஆய்வு என்று சொல்லிப் படிவத்தை நீட்டினால், மை தொட்ட கட்டைவிரல் மட்டும் சம்மதம் ஆகிவிடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. பாதியில் விலகவும் உரிமை உண்டு. "எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டால் ஆள் இயல்பாக நடந்துகொள்ள மாட்டாரே" என்று ஆய்வாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைக்கப்பட்டவர்களில் பலர் வியர்த்து நடுங்கினார்கள். மின்சாரம் பாயவே இல்லை என்றாலும் அந்த நடுக்கம் நிஜம். அதனால்தான் மறைத்தே ஆகவேண்டிய ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி தேவை. முடிந்ததும், மறைத்ததைப் பங்கேற்றவரிடமே சொல்லியாக வேண்டும். வேலையை விட்டு வந்தவருக்கு அன்றைய கூலியை ஈடுகட்டலாம், ஆசைகாட்டி இழுக்கும் அளவுக்கு அல்ல.