உங்கள் தொகுதி வேட்பாளரை யார் தேர்வு செய்கிறார்கள்? அயோவாவில் ஒரு கதை, திருச்சானூரில் ஒரு கதை

2024 மே 13 அன்று ஆந்திராவில் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. திருச்சானூரில் உங்களுக்கு ஓட்டு இருந்தால், அன்று இரண்டு ஓட்டு போட்டிருப்பீர்கள். ஒன்று சந்திரகிரி சட்டமன்றத் தொகுதிக்கு, இன்னொன்று சித்தூர் மக்களவைத் தொகுதிக்கு.

ஆமாம், சித்தூர்தான். ஊர் இருப்பது திருப்பதி மாவட்டத்தில். பத்மாவதி தாயாரைப் பார்க்கப் போகிற எல்லோரும் திருப்பதியில் இறங்கித்தான் போகிறார்கள். ஆனால் சந்திரகிரி சட்டமன்றத் தொகுதி சித்தூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது.

அந்த இயந்திரத்தில் இருந்த பெயர்களில் ஒன்றை நீங்கள் தேர்வு செய்தீர்கள், சரி. ஆனால் அந்தப் பெயர்களை அங்கே கொண்டு வந்து வைத்தது யார்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கா கொடுக்கிற பதிலின் பெயர் ‘பிரைமரி’. அதிபர் தேர்தல் வந்தாலே இந்தச் சொல் நம் காதிலும் விழும். நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர், “எங்க கட்சியில நான் இவருக்குத்தான் ஓட்டு போட்டேன்” என்று சொல்வார். கட்சிக்குள்ளேயே ஓட்டா? அது எப்படி? நம்ம ஊரில் ஏன் இல்லை? விரிவாகப் பார்க்கலாம்.

பிரைமரி என்றால் என்ன?

நவம்பரில் நடப்பது இறுதிப் போட்டி. அதற்கு முன், ஒவ்வொரு கட்சியின் சார்பிலும் யார் நிற்பது என்பதை முடிவு செய்யும் தேர்தல்தான் பிரைமரி. இதை மாநிலம் மாநிலமாக நடத்துகிறார்கள். மக்கள் போடும் ஓட்டுக்கு ஏற்ப, கட்சி மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதிகள் பிரித்துக் கொடுக்கப்படுவார்கள். 2024-ல் குடியரசுக் கட்சியின் மொத்தப் பிரதிநிதிகள் 2,429 பேர். வேட்பாளராக 1,215 பேரின் ஆதரவு வேண்டும்.

யார் ஓட்டுப் போடலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புளோரிடாவில் அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷையரில் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள்கூட, ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். கட்சியில் பதவி வேண்டாம், உள்ளே ஆள் தெரிந்திருக்க வேண்டாம். வாக்காளராக இருந்தால் போதும்.

அயோவா ‘காக்கஸ்’ மட்டும் ஏன் பேசப்படுகிறது?

சில மாநிலங்களில் பிரைமரிக்குப் பதிலாக காக்கஸ் நடக்கும். கிட்டத்தட்ட நம்ம ஊர் கிராமசபைக் கூட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ அக்கம்பக்கத்து ஆட்கள் கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் யாராவது எழுந்து, “நான் ஏன் இவரை ஆதரிக்கிறேன்” என்று சில நிமிடங்கள் பேசுவார்கள். பல இடங்களில் பேசுவது தலைவர் இல்லை, அதே தெருவில் இருக்கும் ஒரு டீச்சரோ விவசாயியோதான்.

குடியரசுக் கட்சியில் பேச்சு முடிந்ததும் ரகசியமாகச் சீட்டு எழுதிப் போடுவார்கள். ஜனநாயகக் கட்சி 2020 வரை அயோவாவில் இன்னும் ஒரு படி மேலே போனது. யாருக்கு ஆதரவோ, அறையின் அந்த மூலையில் போய் நிற்க வேண்டும். பெரும்பாலான இடங்களில், 15 சதவீத ஆதரவு கிடைக்காத வேட்பாளரின் ஆட்கள் வேறு மூலைக்கு மாறலாம். அவர்களை இழுக்க மற்றவர்கள் காரணம் சொல்லிப் பேச வேண்டும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. வாக்காளர் தன் தேர்வுக்கான காரணத்தை நாலு பேர் முன்னால் சொல்கிறார். அதுவும் வேட்பாளர் முடிவாவதற்கு முன்பே சொல்கிறார். முடிவான பிறகு சொல்வது பிரசாரம். முன்பே சொன்னால்தான் அது தேர்வு.

2024 ஜனவரி 15 அன்று நடந்த அயோவா காக்கஸில் விவேக் ராமசாமியும் இருந்தார். பெற்றோர் பாலக்காட்டுப் பக்கம், வீட்டில் தமிழ். நான்காம் இடம் வந்ததும் அன்று இரவே விலகி, டிரம்புக்கு ஆதரவு தெரிவித்தார். கோடிக்கணக்கில் பணம் இருந்தும், பெரிய மேடைகள் கிடைத்தும், ஒரு சின்ன மாநிலத்தின் வாக்காளர்கள் ஒரே இரவில் அவருடைய ஓட்டத்தை முடித்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் எப்போதும் இப்படித்தானா?

இல்லை. 1968 வரை அங்கேயும் ஒரு வகையான ‘ஹைகமாண்ட்’ தான். அந்த வருடம் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார். கட்சிப் பெரியவர்கள் கை காட்டினார்கள், அவ்வளவுதான். வியட்நாம் போருக்கு எதிராகக் கொந்தளித்த இளைஞர்களால் இதை ஏற்க முடியவில்லை. சிகாகோ மாநாடு நடந்தபோது தெருவில் தடியடி. தேர்தலிலும் கட்சி தோற்றது. அதன் பிறகு அமைக்கப்பட்ட மெக்கவர்ன்-ஃப்ரேசர் ஆணையம் விதிகளை மாற்றியது. 1972-லிருந்து பிரைமரிதான் முடிவு செய்கிறது.

அதிலும் ஓட்டை உண்டு. 2024 ஜூலை 21 அன்று ஜோ பைடன் விலகியதும் கமலா ஹாரிஸ் வேட்பாளர் ஆனாரே, அவர் அந்த வருடம் எந்த பிரைமரியிலும் தனக்காக ஓட்டுக் கேட்கவில்லை. பிரதிநிதிகள் ஆன்லைனில் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் கொண்டாடிய நாம் இதைக் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் பலர் கவனித்தார்கள்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

வேட்பாளரைக் கட்சி எப்படித் தேர்வு செய்ய வேண்டும் என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. சட்டம் கேட்பது ஒரு கையெழுத்து மட்டும்தான்.

தெலுங்குச் செய்தி சேனல்களில் தேர்தல் நேரத்தில் ‘பி-ஃபாரம்’ என்று கேட்டிருப்பீர்கள். 1968-ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் ஆணைப்படி, ‘ஏ’ படிவத்தில் கட்சித் தலைமை, “எங்கள் சார்பில் இவர் கையெழுத்திடுவார்” என்று ஒருவரை நியமிக்கும். அவர் ‘பி’ படிவத்தில், “இந்தத் தொகுதியில் எங்கள் வேட்பாளர் இவர்” என்று மையில் கையெழுத்துப் போடுவார். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் மதியம் 3 மணிக்குள் அது தேர்தல் அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் சின்னம் உண்டு. சேராவிட்டால் அவர் கட்சி வேட்பாளர் இல்லை.

இன்னொன்று. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை அந்தத் தொகுதி வாக்காளர் ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குத்தான் 10 பேர் வேண்டும். அதாவது ஒரு பெரிய கட்சியின் வேட்பாளராக, தொகுதிக்குள் ஒரே ஒரு ஆளின் ஆதரவு சட்டப்படி போதுமானது.

கட்சிகளுக்குள் ஜனநாயகம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999-ல் தன் 170-வது அறிக்கையிலேயே பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை.

2024-ல் திருப்பதி வட்டாரத்தில் என்ன நடந்தது?

சந்திரகிரியில் 2014-லும் 2019-லும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் செவிரெட்டி பாஸ்கர் ரெட்டி ஜெயித்தார். 2024-ல் கட்சி அவரை ஓங்கோல் மக்களவைத் தொகுதிக்கு அனுப்பி, சந்திரகிரியை அவருடைய மகன் மோகித் ரெட்டிக்குக் கொடுத்தது. தெலுங்கு தேசம், 2019-ல் அங்கே தோற்ற புலிவர்த்தி நானியையே மறுபடி நிறுத்தியது. நானி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

பக்கத்திலேயே திருப்பதி சட்டமன்றத் தொகுதி. கூட்டணிப் பங்கீட்டில் அது ஜனசேனாவுக்குப் போனது. அங்கே நின்று ஜெயித்த ஆரணி ஸ்ரீனிவாசுலு, அதுவரை ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் சித்தூர் எம்.எல்.ஏ. தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்புதான் ஜனசேனாவில் சேர்ந்தார். திருப்பதி மக்களவைத் தொகுதி பா.ஜ.க.வுக்குப் போனது. அதன் வேட்பாளர் வரபிரசாத் ராவும் அதே மாதிரி கடைசி நேரத்தில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸில் இருந்து வந்தவர். அவர் தோற்றார்.

இவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது இங்கே கேள்வி இல்லை. மகனை நிறுத்தலாமா, நேற்று வந்தவருக்கு சீட் கொடுக்கலாமா என்று அந்தந்தக் கட்சியை ஆதரிக்கும் வாக்காளரிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். பிரைமரி இருந்திருந்தால் இதே பெயர்கள்கூட ஜெயித்திருக்கலாம். ஆனால் “ஏன் நான்?” என்று முதலில் சொந்தக் கட்சிக்காரர்களிடம் சொல்லி ஜெயித்திருக்க வேண்டும்.

யாருமே முயற்சி செய்யவில்லையா?

செய்திருக்கிறார்கள். 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன், ராகுல் காந்தியின் யோசனைப்படி காங்கிரஸ் சுமார் 15 தொகுதிகளில் ‘பிரைமரி’ நடத்தியது. ஆனால் ஓட்டுப் போட்டது பொது வாக்காளர்கள் இல்லை, கட்சி நிர்வாகிகள். வதோதராவில் நரேந்திர ராவத் இப்படித் தேர்வானார். அங்கே மோடி நிற்கிறார் என்றதும் அவர் ஒதுங்க, மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். அந்த அலையில் பிரைமரி தொகுதிகளும் கரைந்தன. முயற்சி அதோடு நின்றது.

2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் பதவிக்கு உண்மையான போட்டி நடந்தது. கார்கேவுக்கு 7,897 ஓட்டு, சசி தரூருக்கு 1,072. இங்கேயும் ஓட்டு, கட்சிப் பிரதிநிதிகளுக்கு மட்டும்தான்.

பொது மக்களிடமே கேட்டது ஆம் ஆத்மி. 2022 ஜனவரியில் பஞ்சாப் முதல்வர் வேட்பாளர் யார் என்று போனிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டார்கள். 21 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது, 93 சதவீதம் பகவந்த் மான் என்று கட்சி அறிவித்தது. எண்ணியதும் கட்சிதான், அறிவித்ததும் கட்சிதான்.

ஆந்திராவில் இதற்கு ஒரு பதிப்பு உண்டு. 2024-க்கு முன் தெலுங்கு தேசம் பல தொகுதிகளில் ஐ.வி.ஆர்.எஸ். அழைப்பு மூலம் கருத்துக் கேட்டது. போன் வரும், ஒரு பெயர் சொல்லும், ஆதரவு என்றால் ஒரு எண்ணை அழுத்தச் சொல்லும். வாக்காளரிடம் நேரடியாகக் கேட்கிறார்களே என்ற அளவில் நல்ல விஷயம். ஆனால் யார் பெயரைச் சொல்வது என்பதைக் கட்சி முடிவு செய்கிறது. எத்தனை பேர் என்ன அழுத்தினார்கள் என்று உங்களால் சரிபார்க்க முடியாது. முடிவு எதிராக வந்தாலும் கட்சி அதை ஏற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கட்சிகளின் விருப்ப மனு, நேர்காணல் நடைமுறையிலும் கேட்பவர் தலைமை, சொல்பவர் சீட் கேட்பவர். வாக்காளர் அந்த அறையில் இல்லை.

பிரைமரி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பிரைமரியில் ஓட்டுப் போட வருபவர்கள் குறைவு. 2024 அயோவா குடியரசுக் கட்சி காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 1.1 லட்சம் பேர்தான். அப்படி வருபவர்கள் பெரும்பாலும் தீவிர ஆதரவாளர்கள். இரண்டு தேர்தல் என்றால் இரண்டு மடங்கு பணம். நம்ம ஊரில் கூட்டணி வேறு: எந்தத் தொகுதி யாருக்கு என்பதே கடைசி நேரம் வரை தெரியாதபோது, எந்தக் கட்சி பிரைமரி நடத்தும்? சாதிக் கணக்கைத் தலைமை சமன் செய்கிறது என்ற வாதமும் இருக்கிறது. வெறும் ஓட்டுக்கு விட்டால் தொகுதியில் பெரிய சாதியே எல்லா சீட்டையும் எடுத்துக்கொள்ளும் என்ற பயம் நியாயமானது.

ஆனால் இவையெல்லாம், முறையை எப்படி அமைப்பது என்பதற்கான கேள்விகள். வாக்காளரிடம் கேட்கவே வேண்டாம் என்பதற்கான காரணங்கள் இல்லை.

சரி, இப்போது உங்களால் என்ன செய்ய முடியும்?

முதலாவது, நேரம். ஆந்திராவில் கட்சிகள் ஒவ்வொரு தொகுதிக்கும் ‘இன்சார்ஜ்’ போடுவார்கள். பெரும்பாலும் அவர்தான் அடுத்த வேட்பாளர், அல்லது சீட்டுக்கு முதல் ஆள். உங்கள் தொகுதியின் நிஜமான பிரைமரி நடப்பது இன்சார்ஜ் மாறும் அந்த நாளில். உங்களுக்கு ஒருவரைப் பிடிக்கும், பிடிக்காது என்றால் அதைச் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஓட்டுப் போட மட்டும் ஊருக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டம் கண்ணிலேயே படுவதில்லை.

இரண்டாவது, சி-7 படிவம். குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால், ஏன் அவர், வழக்கு இல்லாத வேறு ஒருவர் ஏன் இல்லை என்று கட்சி எழுத்தில் வெளியிட வேண்டும் என 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ‘ஜெயிப்பார்’ என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது. வேட்பாளர் தேர்வான 48 மணி நேரத்துக்குள் இது கட்சியின் இணையதளத்தில் வர வேண்டும். தன் தேர்வுக்குக் கட்சி காரணம் சொல்லியே ஆக வேண்டிய ஒரே இடம் இது. தேடிப் படியுங்கள்.

மூன்றாவது, உறுப்பினர் அட்டை. தெலுங்கு தேசத்தில் 100 ரூபாய்க்கு உறுப்பினர் ஆகலாம், விபத்துக் காப்பீடுகூட உண்டு. ஆனால் எந்தப் பெரிய கட்சியின் அட்டையும் உங்கள் தொகுதி வேட்பாளரைத் தேர்வு செய்யும் ஓட்டைத் தருவதில்லை. அட்டை வைத்திருந்தால், அந்த ஓட்டைக் கேட்கும் முதல் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நான்காவது, காரணம். “நம்ம ஆளு”, “எங்க வீட்ல எப்பவும் இந்தக் கட்சிதான்” என்பதைத் தாண்டி, உங்களுக்குப் பிடித்தவரை ஏன் நிறுத்த வேண்டும் என்று இரண்டு நிமிடம் பேச முடிகிறதா? தொகுதியில் என்ன செய்தார், எதில் சறுக்கினார், கூட நிற்கும் இன்னொருவரைவிட எதில் மேல்? வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள். மாமாவோ அத்தையோ எதிர்த்துக் கேட்பார்கள், கேட்கட்டும்.

ஆந்திராவில் அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2029-ல் வர வேண்டும். பி-ஃபாரத்தில் கையெழுத்து விழ இன்னும் நாள் இருக்கிறது. இன்சார்ஜ் பட்டியல் அதற்கு ரொம்ப முன்னாடியே வந்துவிடும்.