கார்ட்டூனில் ஒளிந்திருப்பது என்ன?

கார்ட்டூன் படங்கள் மதக் கருத்தையும் சமூகக் கருத்தையும் பிள்ளைகள் மனத்தில் மறைமுகமாகப் புகுத்துகின்றனவா? ஜோகூர் பெற்றோருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

1998-இல் வெளிவந்த 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' மலேசியாவில் தடை செய்யப்பட்டது. இறைத்தூதர்களை உருவமாகக் காட்டுவது இஸ்லாத்தில் ஏற்கப்படாதது. அதில் கதாநாயகரே நபி மூசா. 2022-இல் 'லைட்இயர்' நம் திரையரங்குகளுக்கு வரவேயில்லை. இரு பெண்கள் முத்தமிடும் காட்சிதான் சிக்கல். பாலம் தாண்டினால் சிங்கப்பூரில் படம் ஓடியது, ஆனால் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அனுமதியில்லை. ஆக, பிள்ளைகளுக்கு அங்கேயும் கதவு அடைப்புதான்!

இவ்விரண்டிலும் ஒளிவுமறைவு ஏதுமில்லை. எல்லாரும் பார்க்கிற காட்சி அது. அதனால்தான் தணிக்கை வாரியத்தின் கண்ணில் பட்டது. சிரிப்போடு சிரிப்பாக மனத்தில் பதிவது அப்படிப் படுவதில்லை.

மலேசியத் தயாரிப்பான 'போபோய்போய்' தொடரின் கோபாலையே எடுத்துக்கொள்வோம். நாயகனின் நண்பர் கூட்டத்தில் இருக்கும் இந்தியச் சிறுவன். பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டுப் பிரியன். அவனுக்குக் கிடைத்த சக்தியே பொருள்களை உணவாக மாற்றுவதுதான். 'உப்பின் இப்பின்' தொடரில் ராஜூ மாடு வைத்திருக்கிறான், அங்கிள் முத்து ஒட்டுக்கடை நடத்துகிறார். இந்தியர் விடுபடவில்லை என்பது நல்ல விஷயம். பிள்ளைகளுக்கும் கோபாலைப் பிடிக்கும். ஆனாலும், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அப்பாவோ அம்மாவோ ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்: ஆபத்து வந்தால் கோபால் மட்டும் ஏன் இப்படி நடுங்குகிறான்?