பால்ய நட்பும் மீள்சந்திப்பும்: ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் நந்தினி – ஆதித்த கரிகாலன் உறவு

ஆய்வுச் சுருக்கம்

சிறுவயதில் உடன் விளையாடிய இருவர் பிரிந்து, வளர்ந்தபின் மீண்டும் சந்திப்பது காதற்கதைகளில் பரவலாகக் காணப்படும் கதைக்கூறாகும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் இக்கூறு நந்தினி, ஆதித்த கரிகாலன் ஆகிய இருவரின் வழியே அமைந்துள்ளது. அவ்விருவரின் இளமைக் காலம் யாருடைய நினைவாக வாசகருக்குக் கிடைக்கிறது என்பதைச் சங்க அகப்பாடல்கள் இரண்டோடும் சோழர் செப்பேட்டுச் செய்திகளோடும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கல்கி, பொன்னியின் செல்வன், நந்தினி, பழுவூர், கலித்தொகை, குறுந்தொகை, நினைவு.

முன்னுரை

அரியலூருக்குத் தெற்கே தஞ்சைச் சாலையில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சோழர்காலப் பழுவூர் என்பது இவற்றை உள்ளடக்கிய பகுதியாகும். 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுள் அடங்கியிருந்த இவ்வூர்கள், 2007 முதல் அரியலூர் மாவட்டத்தில் உள்ளன. கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் சம்பந்தரின் பாடல் பெற்றது. கீழையூரிலுள்ள அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்னும் இரட்டைக்கோயில் பழுவேட்டரையர் காலக் கட்டடக்கலைக்குச் சான்றாக நிற்கிறது.

கள ஆய்வின் பொருட்டு இவ்விரட்டைக்கோயிலுக்குச் சென்றிருந்தபோது, அங்கு வந்த குடும்பத்தினர் ஒருவர் ‘பழுவூர் இளையராணியின் அரண்மனை எந்தப் பக்கம் இருந்தது?’ என்று வினவினார். இளையராணி நந்தினி கல்கியின் படைப்பு என்று கூறியதும் அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. கல்வெட்டுகள் நிறைந்த ஒரு கோயில் வளாகத்தில் கல்வெட்டில் இல்லாத ஒரு பெண் தேடப்படுகிறாள். அவளைத் தேடுவோர் பலரும் அவளை வஞ்சகியாகவே அறிந்திருக்கின்றனர். ஓர் அரசனின் பால்யத் தோழியாக அறிமுகமாகும் பெண் வாசகர் மனத்தில் வஞ்சகியாக மட்டும் நிலைபெற்றது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா.

அகமரபில் இளமைத் தோழமை

இளமையில் உடன் விளையாடியோர் காதலராவது தமிழ் அகமரபுக்குப் புதிதன்று. இதற்குச் சிறந்த சான்றாகக் கலித்தொகையின் 51ஆம் பாடலைக் கூறலாம். குறிஞ்சிக்கலியில் அமைந்த இப்பாடலில் தலைவி தன் தோழியிடம் பேசுகிறாள். தெருவில் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்தும், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியும் தன்னை அழவைத்த குறும்பன், ஒருநாள் தானும் தாயும் இருந்த வீட்டின் வாயிலில் வந்து நின்று உண்ண நீர் கேட்டான் என்கிறாள். நீர் கொடுக்கச் சென்றவளின் கையை அவன் பற்றுகிறான். அவள் அலறுகிறாள், தாய் ஓடிவருகிறாள். அவனுக்கு நீர் விக்கியது என்று தாயிடம் பொய் கூறி அவனைக் காத்துவிடுகிறாள் தலைவி. சிறுவயது நினைவு, மீள்சந்திப்பு, அதனைத் தாயிடம் மறைத்த சொல் ஆகிய மூன்றும் இப்பாடலில் பெண்ணின் உடைமைகள். எதை யாரிடம் சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கிறாள்.

மோதாசனார் பாடிய குறுந்தொகை 229ஆம் பாடலில் பேசுவோர் இடைச்சுரத்துக் கண்டோர். ஒருவர் தலைமயிரை ஒருவர் பற்றியிழுத்துச் சண்டையிட்ட சிறுவனும் சிறுமியும் வளர்ந்து, உடன்போக்கில் இணைந்து செல்வதைக் கண்டு அவர்கள் வியக்கின்றனர். அன்று செவிலியர் விலக்கியும் அச்சண்டை ஓயவில்லை. இன்று ஊழ் அவர்களைச் சேர்த்துவைத்திருக்கிறது. இங்கு மூத்தோர் விலக்க முயன்றது பிள்ளைகளின் பூசலை என்பது கருதத்தக்கது. அவர்களுடைய நட்பை யாரும் விலக்கவில்லை.

இப்பாடல்களைக் கல்கி மனத்திற்கொண்டு எழுதினார் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அகமரபு இக்கதைக்கூறைக் கையாண்ட முறையைத் தெரிந்துகொண்டால் நாவல் அதனை எங்கே மாற்றுகிறது என்பது விளங்கும்.

செப்பேடுகளில் கரிகாலனின் இளமை

ஆதித்த கரிகாலனின் சிறுவயது குறித்து வரலாற்று மூலங்கள் தருவது மிகச் சிறிதளவே. ஆனைமங்கலச் செப்பேடு, அவன் சிறுவனாக இருந்தபோதே வீரபாண்டியனோடு போரில் விளையாடினான் என்று சிங்கக்குட்டி, மதயானை உவமையால் புகழ்கிறது. ‘விளையாட்டு’ என்னும் கருத்து இங்கும் இருக்கிறது. ஆனால் விளையாட்டுத் துணை ஒரு பகையரசன். திருவாலங்காட்டுச் செப்பேடு பாண்டியன் தலையை அவன் கொண்டதைக் கூறி, அவன் விண்ணுலகு சென்றதைக் குறிப்பிடுகிறது. எவ்வாறு இறந்தான் என்பதை அது சொல்லவில்லை.

அதனைக் காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டுச் சொல்கிறது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் இக்கல்வெட்டு, கொலைக்குக் காரணமான துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிப்பிடுகிறது. அவர்களுள் சிலர் பிரமாதிராசன் என்னும் பட்டம் தாங்கிய அலுவலர்கள். கொலையின் காரணம் கல்வெட்டில் இல்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார்.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்த நாவல் இவ்விடைவெளியில்தான் நந்தினியை வைக்கிறது. இரவிதாசன் முதலியோர் நாவலிலும் சதிகாரர்களாக வருகின்றனர். ஆயினும் கொலைக்கான உணர்ச்சிக் காரணம் ஒரு சிறுமியிடமிருந்து தொடங்குகிறது. செப்பேட்டில் போர் மட்டுமே இருந்த ஓர் இளவரசனின் பால்யத்தில் கல்கி ஒரு தோழியைச் சேர்த்திருக்கிறார். நாவலின் துணிச்சலான புனைவு இதுவே என்பது என் கருத்து.

இன்னொரு செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்தான் என்றும், அவள் வயிற்றில் பிறந்தவன் அரிஞ்சயன் என்றும் அன்பில் செப்பேடு கூறுகிறது. அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன். அவன் மகன் ஆதித்த கரிகாலன். அதாவது கரிகாலனின் கொள்ளுப்பாட்டி பழுவூர்ப் பெண். வரலாற்றில் பழுவூரின் மகள் சோழ அரசியானாள். நாவலிலோ சோழ அரசியாக விரும்பிய ஒருத்தி பழுவூருக்கு இளையராணியாக வந்து சேர்கிறாள்.

யாருடைய நினைவு?

நந்தினியும் கரிகாலனும் பழையாறையில் பழகிய நாள்களைக் கல்கி நேரடிக் காட்சியாகத் தரவில்லை. முதல் பாகமான ‘புது வெள்ள’த்தின் இறுதிப் பகுதியில், மாமல்லபுரத்தில், கரிகாலன் தன் நண்பன் பார்த்திபேந்திர பல்லவனிடம் அவற்றைச் சொல்கிறான். அர்ச்சகர் வீட்டில் வளரும் பெண், அரண்மனைப் பெண்கள் நடுவே அவளுக்கு ஏற்பட்ட புறக்கணிப்பு, அவள்மேல் தனக்கிருந்த ஈர்ப்பு, செம்பியன் மாதேவியார் அழைத்துச் சொன்ன அறிவுரை, பிறகு அவள் ஊரைவிட்டுச் சென்றது ஆகிய அனைத்தும் அவன் வாய்மொழியாகவே வருகின்றன.

கலித்தொகையில் தலைவி தோழியிடம் சொன்ன இடத்தில், இங்கு ஒரு போர்வீரன் மற்றொரு போர்வீரனிடம் சொல்கிறான். கேட்டவனே பின்னர் நந்தினியைக் கண்டதும் மயங்கிவிடுகிறான் என்பது கல்கியின் குறும்பு. குறுந்தொகையின் செவிலியரைப் போலவே செம்பியன் மாதேவியாரும் சிறுவர் இருவருக்கிடையே நுழைகிறார். ஆனால் அவர் விலக்குவது பூசலை அன்று, நட்பை. அவ்விலக்கு வெற்றியும் பெறுகிறது. இருவர்க்கும் தெரியாத ஏதோ ஒன்று மூத்தோர்க்குத் தெரிந்திருக்கிறது என்னும் குறிப்பு நாவல் முழுவதும் தொடர்கிறது. அகப்பாடலில் இளையோர் மூத்தோரிடம் மறைத்தனர். நாவலில் மூத்தோர் இளையோரிடம் மறைக்கின்றனர்.

வளர்ந்தபின் நிகழும் சந்திப்புகளும் இம்மறைப்பின் விளைவுகளே. பாண்டிய நாட்டுப் போரின்போது ஒரு குடிசையில், காயமுற்ற வீரபாண்டியனுக்குப் பணிவிடை செய்யும் நிலையில் கரிகாலன் அவளைக் காண்கிறான். அவள் உயிர்ப்பிச்சை கேட்டும் பாண்டியனை வெட்டிவிடுகிறான். அவனைப் பொறுத்தவரை அவள் காத்து நின்றது தன் காதலனை. நாவலின் பிற்பகுதிகளோ வீரபாண்டியன் அவளுடைய தந்தையாக இருக்கலாமோ என்னும் ஐயத்தை எழுப்புகின்றன. அவள் கரிகாலனுக்குச் சகோதரி முறையாகலாம் என்ற செய்தியும் இடையில் வந்து போகிறது. அவளது பிறப்பு பற்றிய செய்தி மாறுந்தோறும் முன்னர் நடந்த சந்திப்பின் பொருளும் மாறுகிறது. எனவே கரிகாலன் முதல் பாகத்தில் சொன்ன கதையை நம்பத்தகுந்த ஆசிரியர் கூற்றாகக் கொள்ளாமல், பொறாமையும் குற்றவுணர்வும் கலந்த ஒருவனின் சாட்சியமாகவே கொள்ளவேண்டும். மாணவர்க்கு இந்நாவலைக் கற்பிக்கும்போது இவ்வேறுபாடு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

அடுத்த சந்திப்பு தஞ்சை அரண்மனை அந்தப்புரத்தில். பெரிய பழுவேட்டரையரின் மனைவியாக அவள் நிற்பதைக் கரிகாலன் காண்கிறான். அதே வேளையில் அவளைப் பார்த்த சுந்தர சோழர் மயங்கி விழுகிறார். இறந்துவிட்டதாக அவர் நம்பிய மந்தாகினியின் முகம் நந்தினிக்கு வாய்த்திருக்கிறது. இளமையில் பிரிந்து பின்னர்ச் சந்திக்கும் கதை தந்தை, மகன் ஆகிய இருவர்க்கும் ஒரே முகத்தின் வழி நிகழ்கிறது. மந்தாகினி வேலைத் தன்மேல் தாங்கிச் சுந்தர சோழரைக் காத்து உயிர்விடுகிறாள். நந்தினியின் அறையிலோ கரிகாலன் உயிர் பிரிகிறது. இவ்விணைவு தனிக்கட்டுரைக்கு உரியது.

கடம்பூரும் திரையும்

கடம்பூர் சம்புவரையர் மாளிகையில் நிகழும் இறுதிச் சந்திப்பில்தான் நந்தினி கரிகாலனிடம் தன் தரப்பை விரிவாகப் பேசுகிறாள். தான் இழிவுபடுத்தப்பட்டதும் விரட்டப்பட்டதும் உயிர்ப்பிச்சை மறுக்கப்பட்டதும் அவள் சொல்லாக வெளிப்படுகின்றன. ஆயினும் அது மிகத் தாமதமாக வருகிறது. அதற்குள் பல நூறு பக்கங்களில் வாசகர் அவளைப் பிறர் கண்ணால் கண்டு பழகிவிட்டனர். கரிகாலனைக் கொன்றது யார் என்பதையும் கல்கி ஐயத்திற்கு இடமாகவே விட்டுவிடுகிறார். கொலையாளியைத் தெளிவாகச் சொல்லாத ஆசிரியர், வாசகர் நந்தினியை மட்டும் குற்றவாளியாக்கும் வகையில் நினைவின் வரிசையை அமைத்துவிட்டார் எனலாம். தொடர்கதை வடிவம் வாரந்தோறும் புதிரை நீட்டிக்க விரும்பியது இதற்கு ஒரு காரணமாகலாம்.

2023 ஏப்ரல் 28 அன்று வெளிவந்த மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன் 2’ திரைப்படம் இவ்வரிசையை மாற்றியது. இளவயது நந்தினியும் கரிகாலனும் படத்தின் தொடக்கத்திலேயே காட்சியாக வருகின்றனர். பார்த்திபேந்திரனிடம் சொல்லப்பட்ட கதை பார்வையாளரின் நேரடி அனுபவமாகிவிடுகிறது. அதனால் நந்தினிக்கு இரக்கம் கூடியது. கரிகாலனின் சாட்சியத்தை ஐயுறும் வாய்ப்பு குறைந்தது. நாவலில் அவள் சொல்லாத பால்யம் திரையிலும் அவள் சொல்லாக வரவில்லை.

கீழையூரில் இளையராணியின் அரண்மனையைத் தேடியவரிடம் அன்பில் செப்பேடு குறிப்பிடும் பழுவேட்டரையர் மகளைப் பற்றிக் கூறியபோது, அவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, “அப்படியானால் அந்த அம்மா இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவரா?” என்றார். அவ்வரசியின் இளமையைப் பற்றிச் செப்பேடு ஒரு சொல்லும் சொல்லவில்லை.