பனிக்காலத்திலும் திறந்திருந்த சைக்கிள் பட்டறை

குளிர்காலம் முடியும்வரை பட்டறையை மூடிவிடலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அதே பட்டறையின் சாவி மூன்று மாதம் என் கோட்டுப் பையில் கிடந்தது என்று கேள்விப்பட்டு, ஏதோ பெரிய சேவை மனத்தோடு போனவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

2023 செப்டம்பரில் மேற்படிப்புக்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போனேன். பேருந்துச் செலவை மிச்சம் பிடிக்கப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். மூன்றாம் நாளே பின்சக்கரம் பஞ்சர். கடையில் கேட்ட கூலியை ஆறால் பெருக்கிப் பார்த்தேன். புதிதாக அங்கே போகிற மலேசியர்கள் எல்லாரும் முதல் இரண்டு மாதம் எதைப் பார்த்தாலும் ஆறால் பெருக்கிக்கொண்டுதான் இருப்போம். தலை சுற்றியது. அப்போதுதான் பக்கத்து அறை மாணவி, தேவாலய மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பட்டறை இருக்கிறது, கருவிகள் தருவார்கள், சொல்லியும் தருவார்கள், காசு விருப்பம்போலப் போடலாம் என்றாள்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட சமூகப் பட்டறைகள் பல நகரங்களில் இருக்கின்றன. எங்களுடையது ஒரு கார் நிறுத்தும் கொட்டகை. நாலு சைக்கிள் தாங்கி, சுவரில் ஸ்பேனர்கள், மூலையில் மக்கள் தானமாகக் கொடுத்த சைக்கிள்களின் குவியல். புதன் மாலையும் சனிக்கிழமை பகலும் திறந்திருக்கும். வருகிறவர் தன் சைக்கிளைத் தானே பழுது பார்க்க வேண்டும். நாங்கள் பக்கத்தில் நிற்போம். தானமாக வந்தவற்றைச் சரிசெய்து, சைக்கிள் வாங்க முடியாதவர்களுக்கு இலவசமாகக் கொடுப்போம்.

எனக்குத் தெரிந்தது பஞ்சர் ஒட்டுவது ஒன்றுதான். சுங்கை பட்டாணியில் அப்பா கற்றுக்கொடுத்தது. "கண்ணால தேடாதம்மா, தண்ணியில அமுக்கு, அதுவே சொல்லும்" என்பார். அன்று நான் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கியதைப் பார்த்த பெரியவர் ஒருவர், அடுத்த புதன்கிழமையும் வரச் சொன்னார். கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை 'ஹென்' என்று கூப்பிடுவார். கோழி என்கிறாரே என்று முதல் நாள் முகம் சுளித்தேன். கிளாஸ்கோவில் பெண்களை அன்பாக அழைக்கும் சொல் அது, நம் 'அம்மா' மாதிரி என்பது பிறகுதான் புரிந்தது.

அக்டோபரில் பத்துப் பேர் வந்த இடத்தில் நவம்பரில் நாலு பேர் வந்தோம். டிசம்பரில் அங்கே சூரியன் காலை 8.45 வாக்கில் எழுந்து மாலை 3.45க்கெல்லாம் போய்விடும். கொட்டகைக்குச் சூடேற்றி ஒன்றே ஒன்று. அதன் மின்கட்டணமே உண்டியலில் விழும் காசைவிட அதிகம். கூட்டம் போட்டோம். இந்தக் குளிரில் யார் சைக்கிள் ஓட்டப் போகிறார்கள், மார்ச்சில் திறக்கலாம் என்று நான் கணக்கெல்லாம் எழுதிக் காட்டினேன். பெரியவர் மட்டும் ஒப்பவில்லை. வாதாடவும் இல்லை. "நான் புதன்கிழமை திறப்பேன். வருகிறவர்கள் வரட்டும்" என்றார்.

அவரைத் தனியாக விட மனமில்லாமல் போனேன். அவ்வளவுதான்.

யார் வந்தார்கள்?

கோடையில் வருகிறவர்கள் விலை உயர்ந்த சைக்கிளும் பளபளக்கும் தலைக்கவசமும் உள்ளவர்கள். கியர் லேசாகச் சத்தம் போடுகிறது என்று வருவார்கள். டிசம்பரில் அவர்களில் ஒருவரையும் காணோம். வந்தவர்கள் வேறு ஆட்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்கள். அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர்கள். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் கேரளத்துப் பெண் ஒருவர். அவர் மலையாளத்தில் கேட்பார், நான் தமிழில் பதில் சொல்வேன், பிரேக் சரியாகிவிடும்.

அடைக்கலம் கேட்டுக் காத்திருப்பவர்களும் வந்தார்கள். பிரிட்டனில் இவர்களுக்கு, விண்ணப்பத்துக்கு முடிவு தெரியும்வரை பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லை. தங்குமிடம் தருவார்கள். சாப்பாடு, துணி, பயணம் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 2024இல் வாரத்துக்கு 49 பவுண்டும் சில்லறையும் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் 22 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பேருந்து இலவசம். அதற்கு மேற்பட்டவர்களில் பலர் வழக்கறிஞரைப் பார்க்கவும் ஆங்கில வகுப்புக்குப் போகவும் அப்போது நடக்க வேண்டியிருந்தது, அல்லது சைக்கிள் வேண்டியிருந்தது. கோடையில் சைக்கிள் விளையாட்டு. குளிர்காலத்தில் ஓட்டுகிறவருக்கு வேறு வழி கிடையாது. என் கணக்கில் நான் விட்டது அதைத்தான்.

மழையைச் சொல்லிப் பயனில்லை. அளவைப் பார்த்தால் கோலாலம்பூர் மழையில் பாதிதான் இருக்கும். நம் ஊரில் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பதை அங்கே மூன்று நாள் தூறித் தீர்க்கும், அவ்வளவே. சைக்கிளைக் கொல்வது உப்பு. சாலையில் பனி உறையாமலிருக்க இரவில் லாரிகள் உப்பைத் தூவிக்கொண்டு போகும். அந்த உப்புநீர் செயினில் தெறித்தால், துடைக்காமல் விட்ட சைக்கிளில் இரண்டே நாளில் செந்துரு ஏறும். அலுமினிய சீட் குழாய் இரும்புச் சட்டத்துக்குள் பிடித்துக்கொண்டு, இரண்டு பேர் தொங்கினாலும் அசையாது. ஈரமணல் ரிம்மில் ஒட்டி பிரேக் கட்டையை அரம் போலத் தேய்த்துவிடும். கேபிள் உறைக்குள் நீர் புகுந்து உறைந்தால் கியர் மாறாது. உப்புத் தூவாத சந்துகளில் கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டிப் படலம் கிடக்கும். அதன்மேல் முன் பிரேக்கைப் பிடித்தால் விழுந்த பிறகுதான் விழுந்தது தெரியும்.

பஞ்சர் ஒட்டுவதுகூடக் குளிரில் வேறு வேலை. பசை காயவே காயாது. டியூபில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஒட்டு உரிந்துவரும். பெரியவர் டியூபைச் சட்டைக்குள் விட்டு உடம்புச் சூட்டில் வைத்திருந்து பிறகு எடுத்துத் தருவார். காற்றடைத்த டயருக்கு 1888இல் காப்புரிமை வாங்கிய ஜான் பாய்ட் டன்லப், கிளாஸ்கோவுக்குத் தென்மேற்கே டிரெக்ஹார்ன் என்ற கிராமத்தில் பிறந்தவர் என்று அவர்தான் பெருமையோடு சொன்னார். பெல்பாஸ்ட்டில் இருந்தபோது மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்தாராம். அந்தப் பெயருள்ள கம்பெனிக்கு மலாயாவில் பெரிய பெரிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன என்று நான் சொன்னேன். என் பாட்டி கெடாவில் விடியற்காலை நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போனதையும், தாத்தா சைக்கிளில் பால் வாளி கட்டிப்போனதையும் சொன்னேன். எந்தக் கம்பெனி டயருக்குத் தான் சீவிய பால் போனது என்று பாட்டிக்குத் தெரியாது. பெரியவர் கையிலிருந்த டயரைத் திருப்பிப் பார்த்தார். "அப்படியானால் இதை உன் ஊரும் என் ஊரும் சேர்ந்து செய்திருக்கிறோம், ஹென்" என்றார். டியூப் இப்போது பெரும்பாலும் செயற்கை ரப்பர். டயரில் இன்னும் மரத்துப்பால் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவருக்கு மூட்டு வலி வந்து வீட்டோடு இருக்கும்படி ஆயிற்று. சாவி என்னிடம் வந்தது.

நான் செய்த தவறு

எரித்திரியாவிலிருந்து வந்த ஒருவர். அகதித் தகுதி கிடைத்து, ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் அதிகாலை 4 மணி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்நேரத்தில் அவர் வீட்டுப் பக்கம் பேருந்து கிடையாது. ஆறு கிலோமீட்டர். ஜனவரி நடுவில் ஒரு புதன் மாலை, அவருடைய சைக்கிளில் செயின், பிரேக் கட்டை எல்லாம் மாற்றினோம். அதோடு விட்டிருக்கலாம். பின்சக்கரப் பல்வட்டில் அழுக்கு அடைத்திருந்தது என் கண்ணை உறுத்தியது. கெட்டிலில் தண்ணீர் சுட வைத்து, சோப்புப் போட்டு, அப்பா மோட்டார் சைக்கிளைக் கழுவுவதுபோலத் தேய்த்துக் கழுவினேன். பளிச்சென்று ஆனது. அவருக்கும் சந்தோஷம். துணியால் துடைத்துக் கொடுத்தனுப்பினேன்.

அன்றிரவு கடுங்குளிர். அடுத்த சனிக்கிழமை அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெடலை மிதித்துக் காட்டினார். பெடல் சுற்றியது, செயின் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை.

பெடலை நிறுத்திவிட்டு இறக்கத்தில் போகும்போது பின்சக்கரத்தில் 'டிக் டிக்' என்று கேட்குமே, அது ஃபிரீவீலுக்குள் இருக்கும் சிறு இரும்பு நாக்குகளின் சத்தம். முன்னால் மிதித்தால் அந்த நாக்குகள் எழும்பிப் பல்லைப் பிடித்துச் சக்கரத்தை இழுக்கும். நான் கழுவிய தண்ணீர் உள்ளே இறங்கி இரவில் உறைந்து, நாக்குகளை எழும்ப விடாமல் பிடித்துக்கொண்டது. மலேசியாவில் பிறந்து வளர்ந்த எனக்குத் தண்ணீர் காய்ந்துவிடும் என்ற நினைப்புத்தான். அது கட்டியாகும் என்று தோன்றவே இல்லை. அவர் அதிகாலை மூன்றே காலுக்கு வாசலில் சைக்கிளில் ஏறி, நகராமல், பனியில் ஒன்றேகால் மணி நேரம் நடந்திருக்கிறார். தாமதமாக வந்ததற்காக அன்றைய வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. ஒரு நாள் கூலி போயிற்று.

இதையெல்லாம் அவர் கோபமில்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கூலியை நான் தருகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டார். "பணம் வேண்டாம், சிஸ்டர். மூன்று மணிக்கு இது திரும்ப நடந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்" என்றார்.

எனக்குத் தெரியாது. பெரியவருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் திட்டவில்லை, சிரித்தார். முப்பது வருடத்துக்கு முன் தானும் இதையே செய்ததாகச் சொன்னார். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல நாங்கள் இருவரும் செய்தோம். சக்கரத்தைக் கழற்றிச் சூடேற்றி முன்னால் கால் மணி நேரம் வைத்தோம். 'டிக்' சத்தம் திரும்பியது. சாய்த்துச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றினோம். கெட்டியான கிரீஸ் குளிரில் இறுகி அதே வேலையைச் செய்யும் என்பதால், நீர்த்த எண்ணெயை மட்டும் உள்ளே விட்டோம். இனி இரவில் சைக்கிளை வீட்டு நடைவழிக்குள் வைப்பது. அப்படியும் உறைந்தால், பிளாஸ்டிக் கட்டும் பட்டைகளால் பல்வட்டைச் சக்கரத்துக் கம்பிகளோடு நாலைந்து இடத்தில் இறுக்கிக் கட்டுவது. அப்புறம் பெடலை நிறுத்தவே கூடாது, மெதுவாகத்தான் போக வேண்டும். ஆனாலும் வேலைக்குப் போய்ச் சேரலாம். அவர் அதை என் கண்முன்னால் இரண்டு முறை கட்டி, அறுத்து, மறுபடி கட்டிப் பார்த்தார். அரை டஜன் பட்டைகளைச் சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டார்.

பட்டறை நோட்டில் அன்றைய பக்கத்தில் நடந்ததை எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். அதன் பிறகு குளிர் முடியும்வரை பழுது பார்த்த ஒவ்வொரு சைக்கிளையும் ஒரு மணி நேரம் வாசலுக்கு வெளியே நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுத்தோம். வந்தவர்கள் அந்த ஒரு மணி நேரமும் சூடேற்றியைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். சீனி தீர்ந்துபோகும் வேகத்தைப் பார்த்து உண்டியல் பொறுப்பாளர் முணுமுணுத்தார்.

எரித்திரியக்காரர் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார், பழுது பார்க்க இல்லை, பழுது பார்ப்பவராக. சக்கரக் கோட்டம் எடுப்பதில் எனக்கு இன்றும் கை வராது. அவர் மூன்றாம் வாரமே கற்றுக்கொண்டார். மார்ச்சில் வெளிச்சம் திரும்பியது. நவம்பரில் காணாமல் போன தன்னார்வலர்களும் திரும்பினார்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. மூடச் சொன்னவளே நான்தானே.

படிப்பு முடிந்து ஊர் திரும்பி, இப்போது பினாங்கில் வேலை. பெரியவரிடமிருந்து அவ்வப்போது செய்தி வரும். மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து நடக்கிறாராம். நான் வந்த பிறகு நடந்த நவம்பர்க் கூட்டத்தில் பட்டறையை மூடுவது பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லையாம். இரண்டாவது சூடேற்றி வாங்கலாமா வேண்டாமா என்பதில்தான் முக்கால் மணி நேரம் சண்டையாம். சாவி சனிக்கிழமைகளில் எரித்திரியக்காரரிடம் இருக்கிறது.