சும்மா கிடந்த பார்க்கிங் எனக்கு மாசம் 19,890 ரூபாய் செலவு வெச்ச கதை



2018-ல சோழிங்கநல்லூர் பக்கத்துல ஒரு 2 பெட்ரூம் ஃப்ளாட் புக் பண்ணேன். அப்போ என்கிட்ட கார் கிடையாது, ஒரு பைக் மட்டும்தான். பில்டர் ஆபீஸ்ல காஸ்ட் ஷீட்டை நீட்டினாங்க. சதுர அடி ரேட், இபி டெபாசிட், மெயின்டனன்ஸ் எல்லாத்துக்கும் நடுவுல ஒரு வரி: "கார் பார்க்கிங் – 3,50,000".

"என்கிட்ட காரே இல்லையே, இது வேண்டாம்"னு சொன்னேன். எதிர்ல இருந்த சேல்ஸ் தம்பி சிரிச்சுக்கிட்டே, "இன்னைக்கு இல்ல சார், நாளைக்கு வாங்குவீங்கல்ல? அப்புறம் கேட்டா கிடைக்காது"ன்னார். பக்கத்துல உட்கார்ந்திருந்த அப்பா, "வாங்கிப் போடுடா, விக்கும்போது விலை போகும்"ன்னார்.

வாங்கிப் போட்டேன். ஃப்ளாட் விலையைப் பத்தி மூணு மாசம் யோசிச்சவன், இந்த மூன்றரை லட்சத்தைப் பத்தி மூணு நிமிஷம்கூட யோசிக்கல. இன்னைக்கு உங்களை அந்த வரியைப் பத்தி யோசிக்க வைக்கத்தான் இந்தப் பதிவு.

ஒரே ஒரு வரி, ஏழு லட்சம்

அந்தப் பணத்தை நான் கையில இருந்து கட்டல. கட்டுமான ஒப்பந்தத் தொகையோட சேர்ந்து ஹோம் லோன்லயே போயிடுச்சு. 8.5% வட்டி, 20 வருஷம். இப்போ கணக்கைப் பாருங்க:

- பார்க்கிங் விலை: 3,50,000
- அதுக்கு மட்டும் மாச இஎம்ஐ: சுமார் 3,037
- 20 வருஷத்துல மொத்தம்: சுமார் 7.29 லட்சம்

மொத்த இஎம்ஐக்குள்ள 3,037 ரூபாய் ஒளிஞ்சிருந்தா யார் கண்ணுக்கும் தெரியாது. இதுவே ஒவ்வொரு மாசமும் "பார்க்கிங் வாடகை 3,037 ரூபாய் கட்டுங்க"ன்னு தனியா மெசேஜ் வந்தா? கார் இல்லாத எவனும் கட்ட மாட்டான். நானும் கட்டியிருக்க மாட்டேன்.

கார் வாங்கினது நானா, பார்க்கிங்கா?

குடி போன முதல் வருஷம், ஒரு கார் நிக்கிற இடத்துல என் பைக் தனியா நின்னுச்சு. வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்வி: "பார்க்கிங் சும்மாதானே கிடக்கு, ஒரு கார் எடுத்துடலாமே?" எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. காசு கொடுத்து வாங்கின இடம் வீணாகுதேன்னு ஒரு உறுத்தல். 2020-ல கார் எடுத்துட்டேன்.

ஆன்-ரோடு 8 லட்சம். 2 லட்சம் கையில கட்டி, 6 லட்சத்துக்கு 9% வட்டியில 7 வருஷ லோன். மாசக் கணக்கு இப்படி ஆச்சு:

- கார் இஎம்ஐ: 9,653
- பெட்ரோல்: 4,500
- இன்சூரன்ஸ் (மாசத்துக்குப் பிரிச்சா): 1,500
- சர்வீஸ், வாஷிங்: 1,200
- பார்க்கிங் இஎம்ஐ: 3,037

மொத்தம் 19,890 ரூபாய். அதுல ஆபீஸுக்குப் போனது பாதி நாள்தான். மீதி நாள் ஓஎம்ஆர் டிராஃபிக்கை நினைச்சு பைக்கையே எடுத்தேன்.

கார் தேவைப்பட்டதால நான் பார்க்கிங் வாங்கல. பார்க்கிங் இருந்ததால கார் வாங்கினேன். ஒரு தனி மனுஷனோட பட்ஜெட்ல நடந்த இதே விஷயம்தான் பெரிய பெரிய நகரங்கள்லயும் நடந்திருக்கு. அதைப் படிச்ச பிறகுதான் என் தப்பு எனக்கே முழுசா புரிஞ்சுது.

ஹால் கட்டக் காசில்லை, பார்க்கிங் ரெடி

கார் இல்லாம வாழவே முடியாத ஊருக்கு உதாரணம் கேட்டா எல்லாரும் சொல்றது அமெரிக்காவோட லாஸ் ஏஞ்சலஸ். அங்கே வால்ட் டிஸ்னி கான்சர்ட் ஹால்னு ஒரு புகழ்பெற்ற இசை அரங்கம் இருக்கு. அந்த அரங்கத்துக்கு முன்னாடி கட்டி முடிச்சது எதைத் தெரியுமா? அதோட பார்க்கிங்கை! 2,188 கார் நிக்கிற மாதிரி தரைக்கு அடியில 6 தளம். கவுன்ட்டி நிர்வாகம் 11 கோடி டாலர் கடன் வாங்கி 1996-லயே கட்டி முடிச்சிடுச்சு. மேல அரங்கம் கட்டப் பணம் சேராம இழுத்துக்கிட்டே போய், 2003-லதான் திறந்தாங்க. பார்க்கிங் கடனை அடைக்கணுமே? அதனால சீசனுக்கு குறைஞ்சது 128 கச்சேரி நடத்தணும்னு குத்தகை ஒப்பந்தத்துலயே எழுதிட்டாங்க. கச்சேரிக்காக பார்க்கிங் கட்டினது போய், பார்க்கிங்குக்காக கச்சேரி நடத்துற நிலைமை. என் கதை மாதிரியே இல்ல?

இந்த விஷயத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் டொனால்ட் ஷூப். அதே ஊர்ல யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துல நகரத் திட்டமிடல் பேராசிரியரா இருந்தவர், 2025-ல காலமானார். 2005-ல அவர் எழுதின 'தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்' 700 பக்கத்துக்கு மேல போற புத்தகம். அவர் சொன்னதோட சாரம் இதுதான்: பார்க்கிங் எங்கேயுமே இலவசம் இல்லை. ஓட்டுறவர் கட்டலைன்னா, அந்தச் செலவு வீட்டு விலையில, வாடகையில, கடையில வாங்குற பொருள் விலையில போய் ஒளிஞ்சுக்கும். கார் இல்லாதவரும் சேர்ந்துதான் கட்டுறார்.

ஏன் இப்படி ஆச்சு? "இத்தனை வீடு கட்டினா இத்தனை பார்க்கிங் கட்டாயம்"ங்கிற விதியால. அமெரிக்காவுல இது 1923-லயே கொலம்பஸ் நகரத்துல அபார்ட்மென்ட்டுகளுக்கு வந்துடுச்சு. அப்புறம் மத்த ஊர்களும் அதே வழியில போயிடுச்சு. இடம் எல்லாம் பார்க்கிங் ஆக ஆக, கட்டடங்கள் ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளிப் போச்சு. தள்ளிப் போனதும் நடக்க முடியல. நடக்க முடியலைன்னதும் எல்லாருக்கும் கார். எல்லாருக்கும் கார்னதும் இன்னும் பார்க்கிங். 2010 நிலவரப்படி லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில ஏறக்குறைய 1.86 கோடி பார்க்கிங் இடங்கள் இருந்ததா ஒரு ஆய்வு சொல்லுது. அங்கே நகராட்சி எல்லைகளுக்குள்ள இருக்கிற நிலத்துல 14% பார்க்கிங்குக்கே போயிருக்கு!

நம்ம ஊர்ல பெட்ரூமைவிடப் பெரிசு

நம்ம ஊர்லயும் விதி இருக்கு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி, வீட்டோட அளவைப் பொறுத்து இத்தனை கார், இத்தனை டூவீலர்னு பில்டர் இடம் விட்டே ஆகணும். அதனால பில்டர் பார்க்கிங் கட்டுறது உங்க மேல உள்ள அக்கறையில மட்டும் இல்ல. அதைக் காட்டலைன்னா பிளானே பாஸ் ஆகாது. கட்டின செலவை எங்கேயாவது எடுக்கணும். அதனாலதான் கார் இல்லாத உங்ககிட்டயும் அந்த வரி வருது. "எங்க புராஜெக்ட்ல பார்க்கிங் ஃப்ரீ"ன்னு விளம்பரம் வந்தாலும் ஏமாறாதீங்க. அது சதுர அடி ரேட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கும்.

அளவைப் பாருங்க. ஒரு கார் நிக்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது சுமார் 135 சதுர அடி. பத்துக்குப் பன்னெண்டு பெட்ரூம் 120 சதுர அடிதான். நீங்க தூங்குற இடத்தைவிட உங்க கார் தூங்குற இடம் பெரிசு! கார் உள்ளே வந்து திரும்புற வழியையும் சேர்த்தா ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

"பார்க்கிங் இல்லைன்னா தெருவுலதானே நிறுத்துவாங்க?"

நியாயமான கேள்வி. என் மனைவியும் இதைத்தான் கேட்டாங்க. விதியை மட்டும் தூக்கிட்டு, தெருவுல யார் வேணா நிறுத்தலாம்னு விட்டா, சந்து பொந்தெல்லாம் கார்தான் நிக்கும். விதி இருக்கிற இப்பவே நம்ம தெருவுல கவர் போட்டு மாசக்கணக்கா நிக்கிற காரை எண்ணிப் பாருங்க.

இதுக்கு ஜப்பான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு. 1962-ல வந்த சட்டப்படி, கார் வாங்கணும்னா உங்க வீட்டுல இருந்து 2 கிலோமீட்டருக்குள்ள உங்களுக்குப் பார்க்கிங் இருக்குன்னு போலீஸ்கிட்ட சான்றிதழ் வாங்கணும். ராத்திரி தெருவுல விட முடியாது. அதனால டோக்கியோவுல பார்க்கிங்கை மாச வாடகைக்கு எடுக்கிறது ரொம்ப சகஜம். கார் வெச்சிருக்கிறவர் தனியா வாடகை கட்டுறார், வெச்சுக்காதவர் கட்டுறதில்ல. கணக்கு கண்ணுக்கு முன்னாடி இருக்கு.

அமெரிக்காவே இப்போ திரும்ப ஆரம்பிச்சிடுச்சு. 2017-ல பஃபலோ நகரம் கட்டாய பார்க்கிங் விதியை எடுத்துச்சு. 2022-ல கலிபோர்னியா மாநிலம், முக்கிய ரயில், பஸ் நிறுத்தங்களுக்கு அரை மைல் தூரத்துக்குள்ள பெரும்பாலான கட்டடங்களுக்கு இந்த விதி கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. 2023-ல டெக்சஸோட ஆஸ்டின் நகரமும் விதியை நீக்குச்சு. இது பார்க்கிங் கட்டத் தடை இல்லை. "வேணும்னா கட்டு, வேணும்ங்கிறவர்கிட்ட காசு வாங்கு"ங்கிறதுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

இப்போ என் கதையோட கசப்பான பகுதி. நான் வாங்கினது ஓபன் பார்க்கிங், அதாவது கூரை இல்லாத இடம். ரெரா சட்டம் (2016) திறந்தவெளி பார்க்கிங்கை 'பொதுப் பகுதி'ன்னு சொல்லுது. பொதுப் பகுதி எல்லா வீட்டுக்காரர்களுக்கும் சொந்தம். பில்டர் அதைத் தனி ஆளுக்கு விக்க முடியாது. 2010-ல உச்ச நீதிமன்றமும், மகாராஷ்டிரா சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்குல, கட்டடத்துக்கு அடியில இருக்கிற ஸ்டில்ட் பார்க்கிங்கைக்கூட பில்டர் தனியா விக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு.

என் ஒப்பந்தத்துல பார்க்கிங் நம்பரும் இல்ல, அளவும் இல்ல. அசோசியேஷன் வந்த பிறகு இடத்தை மறுபடி பிரிச்சாங்க. எனக்கு விழுந்தது தண்ணி சம்ப் மூடிக்குப் பக்கத்து இடம். ஓஎம்ஆர்ல இருக்கிறவங்களுக்கு இதோட அர்த்தம் புரியும். காலையில லாரித் தண்ணி வந்தா, ஹாரன் அடிச்சு என்னைத்தான் முதல்ல எழுப்புவாங்க. மூன்றரை லட்சம் கொடுத்த இடத்துல இருந்து தினமும் காரை எடுத்து வெளியே விட்ட ஒரே ஆள் நான்தான்!

கையெழுத்துக்கு முன்னாடி 5 கேள்வி

1. பார்க்கிங் விலையைத் தனியா எழுதித் தர முடியுமா? "வேண்டாம்னா எவ்வளவு குறையும்?"னு நேரடியா கேளுங்க. குறைக்கலைன்னாலும், எதுக்குக் காசு கொடுக்கறீங்கன்னு தெரியும்.
2. ஓபனா, கவர்டா? ஓபன்னா தனி விலை ஏன்னு கேளுங்க. கவர்டுன்னா அதோட நம்பர், அளவு, இருக்கிற தளம் எல்லாம் ஒப்பந்தத்துல இருக்கான்னு பாருங்க. ரசீதுல 'வசதிக் கட்டணம்'னு மட்டும் போட்டா விடாதீங்க.
3. பாஸ் ஆன பிளான்ல அந்த இடம் பார்க்கிங்தானா? ரெரா இணையதளத்துல புராஜெக்ட் விவரம் இருக்கும். டாகுமென்ட் பார்க்கிற வக்கீல்கிட்ட இதையும் சேர்த்துக் காட்டுங்க.
4. 5 வருஷத்துல எனக்கு கார் நிஜமாவே தேவையா? வயசான அப்பா அம்மா, சின்னக் குழந்தை, நைட் ஷிஃப்ட் இருந்தா தேவைதான். அதுல குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனா பதில் உங்களோடதா இருக்கணும், சேல்ஸ்மேனோடதா இருக்கக் கூடாது.
5. இங்கே எதுல போய் வருவேன்? ஓஎம்ஆர்ல மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்குது, சிறுசேரி சிப்காட் வரைக்கும் பாதை வருது. ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல வீடு கிடைச்சா, சதுர அடிக்கு கொஞ்சம் கூடக் கொடுத்தாலும், கார் செலவோட ஒப்பிட்டா லாபமா இருக்கலாம். கணக்கு போட்டுப் பாருங்க.

கடைசியா...

போன வருஷம் காரை வித்துட்டேன். லோன் பாக்கியை அடைச்சது போக கையில வந்தது கொஞ்சம்தான். ஆனா மாசம் பதினாறாயிரத்துக்கு மேல மிச்சமாகுது. தேவைப்படும்போது கேப் பிடிக்கிறேன். ஒரு மாசம்கூட அது 5,000-த்தைத் தாண்டல.

பார்க்கிங் இடத்தை வாடகைக்கு விடலாமான்னு அசோசியேஷன்ல கேட்டேன். "அது பொது இடம் சார், உங்க பேர்ல இல்லையே"ன்னாங்க. சரிதானே! இப்போ அதுல மூணாவது மாடி தாத்தாவோட கார் நிக்குது. அவருக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். லிஃப்ட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதால அவருக்கு வசதி. லாரி வரும்போது வாட்ச்மேனே காரை எடுத்து விடுறார்.

கார் போயிடுச்சு, இடமும் போயிடுச்சு. அந்த 3,037 ரூபாய் மட்டும் 2038 வரைக்கும் போகும்.

உங்க காஸ்ட் ஷீட்டை இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அந்த வரி எங்கே இருக்குன்னு தேடுங்க. அடுத்த வீடியோல ஒரு காஸ்ட் ஷீட்டை வரி வரியா பிரிச்சுப் பார்ப்போம்.