கண்ணுக்குத் தெரியாத கூர்

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழைய பூட்டுகள், பித்தளைத் தாழ்ப்பாள்கள், ஓடாத கடிகாரங்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு மடக்குச் சவரக்கத்தியும் தலைகாட்டும். வால்பகுதியில் ஷெஃபீல்டு என்றோ ஸோலிங்கன் என்றோ முத்திரை இருக்கும். மற்ற இடமெல்லாம் துரு. சலூன்காரர்கள் பாதி பிளேடைச் செருகும் கத்திக்கு மாறியதும் இதற்கு வேலை போய்விட்டது. அந்த ஊருக்குக் கூரான கருவி ஒன்றும் புதிதில்லை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இதே பல்லாவரத்தில்தான். சில்லு சில்லாகப் பெயர்த்து விளிம்பு கண்ட கல் அது. சவரக்கத்திக்கும் வழி அதுவே: தேய்த்து எடுப்பதால்தான் கூர் வருகிறது. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், பழைய கத்தியை மீட்கப் புதிதாக இறங்குபவர் முதலில் பழக வேண்டியது நிதானம்.

இந்தக் கத்திகளின் எஃகில் கரி ஏறக்குறைய 1 சதவீதம். கடினம் அதனால் வருகிறது. துருவைத் தடுக்க 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அப்படி ஓர் எஃகை உருக்கியது 1913இல். அதற்கு முந்தைய கத்திகளுக்கு அந்தக் காப்பு கிடையாது. கடலிலிருந்து உள்ளே போகப்போகக் காற்றில் உப்பு குறையும் என்பதால் திருவான்மியூரைவிடத் தாம்பரம் கொஞ்சம் தப்பித்தது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரம் யாரையும் விடாது. செந்துரு பொருபொருத்தது, ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து மேலும் அரிக்கும். அதை எண்ணெய் விட்டு, நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து எடுக்கலாம். இறுக ஒட்டியிருக்கும் கருந்துருவை அப்படியே விடுவது நல்லது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு முத்திரையையே தேய்த்துவிடுபவர்கள் உண்டு.

கைப்பிடியையும் கவனிக்க வேண்டும். அது செல்லுலாய்டாக இருந்தால், காலப்போக்கில் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடும். அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, மடித்து வைத்த கத்தியை உள்ளிருந்தே தின்னும். சுற்றியுள்ளதெல்லாம் நன்றாயிருக்க, கைப்பிடிக்குள் மடங்கும் பகுதி மட்டும் அரித்திருந்தால் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் இதைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் கை நல்ல கைதான், அரிவாள்மனைக்கு. சவரக்கத்தியைச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றித் தோய்ச்சல் கொடுத்திருப்பார்கள். சுழலும் சக்கரத்தில் அதன் மெல்லிய விளிம்பு நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, 300 டிகிரியை ஒட்டி நீலம். இதில் சாயம் எதுவும் இல்லை. எஃகின் மேல் படரும் ஆக்சைடு ஏட்டின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்கள் அழிந்துபோகின்றன. சோப்புக்குமிழியில் தெரியும் நிறங்களும் இப்படி வருபவைதான். அழகாக இருக்கும், ஆனால் நீலம் பூத்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம்.

கத்தியைத் தட்டையான கல்லில், தண்ணீர் விட்டு, கையால் தீட்ட வேண்டும். கோணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படும்படி படுக்கவைத்தால் போதும், கத்தியே கோணத்தை வைத்துக்கொள்ளும். முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர், கத்தியின் அகலம் 17 என்றால் விளிம்பின் கோணம் ஏறக்குறைய 17 டிகிரி. 1000 எண் கல்லின் துகள் சுமார் 15 மைக்ரான். 8000இல் ஒன்றிரண்டு மைக்ரான்தான். ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லின் கீறலை அழித்துத் தன் சிறிய கீறலை விட்டுச்செல்கிறது. நன்றாகத் தீட்டி முடித்த விளிம்பின் அகலம் அரை மைக்ரானுக்கும் கீழே, அதாவது சிவப்பு ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவு. ஆகவே விளக்கடியில் பிடித்துப் பார்க்கும்போது விளிம்பில் வெள்ளிக்கோடு மின்னினால் கத்தி மழுங்கியிருக்கிறது. கூரான விளிம்பு ஒளியைக் காட்டாது.

எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி இதை எப்படி மழுக்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் சயின்ஸ் இதழில் விடை சொன்னார்கள். எஃகின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. வெட்டும்போது முடி வளைகிறது. விளிம்பில் பலவீனமான இடத்தில் அது பட்டால் நுண்ணிய சில்லு தெறிக்கிறது. துருக்குழியும் அப்படி ஒரு பலவீனம்தான். குழி விளிம்புவரை வந்துவிட்ட கத்தியை வாங்கவே வேண்டாம்.

இந்த எஃகுக்குப் பின்னால் நம் மண்ணும் இருக்கிறது. மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கொடுமணல் அகழாய்வில் கிடைத்தன. தென்னிந்திய உருக்கை லண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் மெச்சினார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து 1820இல் எஃகுக் கலவைகள் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அப்படி உருவான எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுப்பார். பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் நடத்திய ஆலையின் இரும்பும் ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது.

தீட்டிய பிறகு தோல்வாரில் இழுப்பது, முதுகு முன்னே போகும்படி. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் தோல் ஆலை குரோமிய உப்பில் தோல் பதனிட்டது. அந்தத் தோல் மெத்தென்றிருக்கும். வாருக்கு நல்லது பட்டையில் பதனிட்ட விறைப்பான தோல். பழைய சென்னைத் தோல்கிடங்குகள் ஆவாரம்பட்டையில் பதனிட்டதும் அந்த ரகம்தான். வாரில் தடவும் பச்சைப் பசையில் இருப்பதும் குரோமிய ஆக்சைடே. பழைய கத்தி யார் முகத்தில் பட்டதோ தெரியாது, கிருமிநீக்கியில் ஊறவைக்காமல் தொடாதீர்கள். சவரம் முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் காறிப்போய் அமிலமாகும்.