பொய் சொல்லும் முள்

கொல்கத்தாவின் பழைய அம்பாசடர் டாக்ஸியில் டாஷ்போர்டைக் குத்துவதும் ஓட்டும் வேலையில் சேர்ந்ததுதான். டிராம் தண்டவாளத்தில் சக்கரம் ஏறி இறங்கியதும் டீசல் முள் பொத்தென்று விழும். ஒரு குத்து விட்டால் எழுந்து நிற்கும். டாங்கில் டீசல் இருக்கிறதா, இல்லையா? ஓட்டுநர் குச்சி விட்டுப் பார்க்கிறார்.

உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014ல் நின்றது. மிஞ்சியிருக்கும் வண்டிகளின் வயதைக் காட்டிக் கொடுப்பவை ஒயர்கள். முள் பொய் சொன்னால் நஷ்டம் சில்லறை அல்ல. டாங்க் காய்ந்தால் குழாயில் காற்று புகும். அதை வெளியேற்றாமல் டீசல் ஊற்றி மட்டும் பயனில்லை. சூடு காட்டும் முள் ஏமாற்றினால் எஞ்சினின் ஹெட் கேஸ்கட்டே போகலாம்.

வந்து வந்து போகும் கோளாறுக்கு ஒரு குணம் உண்டு: பட்டறைக்குள் நுழைந்ததும் முள் சமர்த்தாக நிற்கும். அவசரக்கார மெக்கானிக் மீட்டரை மாற்றுவார். அடுத்த பள்ளத்தில் புது முள்ளும் விழும்.

விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனின் முதல் கேள்வி: விழுவது ஒரு முள்ளா, இரண்டுமா? இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஃப்யூஸ், இக்னிஷன் ஸ்விட்ச் என்று பொதுவான மின்வழியில்தான் கோளாறு. டீசல் முள் மட்டும் என்றால் டாங்க் பக்கம் போக வேண்டும். அங்கே மிதவை ஏறி இறங்க மின்தடை மாறும். அதைத்தான் முள் காட்டுகிறது.

இனி இரண்டு பேர் வேலை. ஒருவர் முள்ளைப் பார்க்க, மற்றவர் டிக்கியிலிருந்து முன்பக்கம் வரை ஒயரைச் சாண் சாணாக அசைக்கிறார். எங்கே அசைத்தால் முள் துள்ளுகிறதோ, அங்கே கோளாறு. எங்கும் துள்ளவில்லையா? அடுத்த சந்தேகம் எர்த். இக்னிஷனைப் போட்டு, டாங்க் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். முள் விழும் நேரத்தில் எண் ஏறினால் குட்டு உடைந்தது.

பெரும்பாலும் குற்றவாளி துருப்பிடித்த ஒரு போல்ட். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினால் போதும். அதன்பின் டாஷ்போர்டுக்குக் குத்து விழாது. குச்சிக்கும் வேலையில்லை.